குறுக்குத் தொடர்பு சரியாக வரவில்லையா? கொங்குப் பகுதி நில அதிர்வு இரைச்சல் பதிவுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

கோவைக்கும் கரூருக்கும் இடையே நாலைந்து பிராட்பேண்ட் (அகன்ற அதிர்வெண் பட்டையைப் பதியும்) நில அதிர்வுச் சென்சார்களைப் புதைத்துச் சில மாதம் ஓடவிட்டு, வந்த இரைச்சலிலிருந்து மேற்பரப்பு அலையைப் பிரித்தெடுக்க முயல்பவர்களுக்கானது இது. சராசரி நீக்கம், கருவி விளைவு நீக்கம், வீச்சுச் சமன், வைட்னிங் (எல்லா அதிர்வெண்களையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவது), குறுக்குத் தொடர்பு (இரண்டு நிலையப் பதிவுகள் எந்தத் தாமதத்தில் ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது), அடுக்கல் (பல நாள் முடிவுகளைக் கூட்டுவது) என்ற வரிசை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறோம். 2007-இல் பென்சன் குழுவினர் வெளியிட்ட அந்த வரிசையைத்தான் எம்எஸ்நாய்ஸ் மென்பொருள் தொடங்கிச் சொந்தமாக எழுதிய பைத்தான் நிரல்வரை பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள்.

அந்த வரிசையில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒன்-பிட் சமன் (ஒவ்வொரு மாதிரியின் குறியை மட்டும் வைத்துக்கொள்வது) நிலநடுக்கத்தை அமுக்குவதற்காகவும், வைட்னிங் ஒரே அதிர்வெண் ஓங்கி நிற்பதைத் தடுப்பதற்காகவும் வந்தவை. அவை கருவிக் கோளாறையும் சேர்த்து மூடிவிடும். ஆதாயம் தப்பாக இருந்தாலும், சென்சார் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தாலும், கருவி விளைவை ஒரு நிலையத்துக்கு ஒருவிதமாக நீக்கியிருந்தாலும், கடைசியில் வரும் வளைவு பார்ப்பதற்குச் சுத்தமாகத்தான் இருக்கும். ஆகவே எந்த அறிகுறியானாலும் நிரலின் அளவுருக்களில் கை வைக்காதீர்கள். முதலில் அந்த நிலையத்தின் அந்த நாளைய மூலப் பதிவு, அடுத்து அதன் திறன் நிறமாலை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்ற வரைபடம்), அடுத்து கடிகாரம். இந்த மூன்றும் சரியென்று தெரிந்த பிறகுதான் மற்றவை.

எந்த அதிர்வெண்ணில் வேலை செய்கிறீர்கள் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். 10 முதல் 20 வினாடி அலைநேரம் கடலின் முதன்மை நுண்ணதிர்வு. 5 முதல் 10 வினாடி வரை இரண்டாம் நுண்ணதிர்வு. எதிரெதிராக ஓடும் கடலலைகள் மோதிக் கடலடியை அழுத்துவதால் வருவது என்று 1950-இல் லாங்கெட்-ஹிக்கின்ஸ் விளக்கியது. 1 ஹெர்ட்ஸுக்கு மேலே மனிதன் ஆட்சி: தறி, மோட்டார், லாரி, ரயில். 0.2 ஹெர்ட்ஸில் வேலை செய்பவர் பக்கத்துத் தறிக்கூடத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. 3 ஹெர்ட்ஸில் வேலை செய்பவர் அரபிக்கடலைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

ஒரு நிலைய ஜோடியில் அலையே தெரியவில்லை. மற்ற ஜோடிகள் நன்றாக இருக்கின்றன

பாதி வழக்குகளில் குற்றவாளி கடிகாரம். அதிலும் நம்மூரில் அடிக்கடி நடப்பது, ஒரு லாகர் (பதிவுக் கருவி) உலகப் பொது நேரத்திலும் இன்னொன்று இந்திய நேரத்திலும் ஓடுவது. வித்தியாசம் 19,800 வினாடி. 200 வினாடித் தாமதம்வரை மட்டும் கணக்கிடும் நிரலில் அலை அகப்படவே அகப்படாது.

சோதிக்க ஜிபிஎஸ் பதிவேடுகூட வேண்டாம். 4 முதல் 14 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டி, பத்து நிமிடத்துக்கு ஒரு சராசரி வீச்சு எடுத்து, ஒரு வாரத்தை வரைந்து பாருங்கள். மனித நடமாட்டம் அடங்கும் நள்ளிரவு நமக்குப் பொது நேரப்படி 18:30. கோப்பில் பொது நேரம் என்று எழுதியிருந்து, அடக்கம் 00:00-ஐ ஒட்டி வந்தால், அந்தக் கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடியிருக்கிறது. இரவு ஷிப்ட் தறிகள் சூழ்ந்த இடத்தில் இந்தப் பள்ளம் ஆழமில்லாமல் இருக்கும். அங்கே ஞாயிற்றுக்கிழமை எந்த நேரத்தில் தொடங்கி எந்த நேரத்தில் முடிகிறது என்று பாருங்கள்.

பழைய ஜிபிஎஸ் ஏற்பி உள்ள லாகரில் தேதியே சுமார் 19.6 ஆண்டு பின்னால் போயிருக்கலாம். ஜிபிஎஸ் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6-இல் திரும்பியது. கோப்பின் தொடக்க நேரத்தோடு 61,93,15,200 வினாடியைக் கூட்டினால் சரியாகிவிடும். கோப்பைத் திருத்துவதற்கு முன் மூலக் கோப்பைத் தனியே பத்திரப்படுத்துங்கள்.

அலை தெரிகிறது, ஆனால் இரு பக்க முகடுகளும் ஒரே திசையில் நகர்ந்திருக்கின்றன

60 கிலோமீட்டர் இடைவெளியில், வினாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அலை +20, −20 வினாடிகளில் இருக்க வேண்டும் (ஒரு திசையில் போகும் அலை ஒரு பக்கம், எதிர்த்திசையில் போவது மறுபக்கம்). அது +20.5, −19.5 என்று வந்தால் நிலத்தடியைக் குற்றம் சொல்ல வழியில்லை. நிலத்தின் வேகம் மாறினால் இரண்டு பக்கமும் பூஜ்ஜியத்திலிருந்து சமமாக விலகும் அல்லது சமமாக நெருங்கும். இரண்டும் ஒரே பக்கம் போவது கடிகாரப் பிழையின் கையெழுத்து. இரண்டு நேரங்களையும் கூட்டி இரண்டால் வகுத்தால் பிழையின் அளவு: இங்கே 0.5 வினாடி.

யாருடைய கடிகாரம்? மூன்று நிலையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லடம்–காங்கேயம், பல்லடம்–ஈரோடு இரண்டும் நகர்ந்து, காங்கேயம்–ஈரோடு அசையாமல் இருந்தால் பல்லடம்தான். பத்து நாள் நகரும் அடுக்கல் எடுத்து இந்தப் பிழையை நாள்வாரியாக வரையுங்கள். நேர்கோடாகச் சரிந்தால் ஜிபிஎஸ் பூட்டு விட்டுப்போய்ப் படிகம் தன்போக்கில் ஓடுகிறது என்று பொருள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழையுள்ள படிகம் நாளுக்கு 0.0864 வினாடி விலகும். தென்னை ஓலை ஆண்டெனாவை மறைப்பதும், எலி கேபிளைக் கடிப்பதும் இங்கே வழக்கமான காரணங்கள். கோடு திடீரென்று படியாக ஏறி இறங்கினால் லாகர் மறுதொடக்கம் ஆகியிருக்கும்.

படி சரியாக 18 வினாடி என்றால் அதற்குத் தனிக் காரணம் உண்டு. 2017 தொடக்கத்திலிருந்து ஜிபிஎஸ் நேரம் பொது நேரத்தைவிட 18 வினாடி முன்னே ஓடுகிறது. அந்த வித்தியாசத்தைச் சொல்லும் செய்தி செயற்கைக்கோளிடமிருந்து முழுதாக வந்துசேர 12.5 நிமிடம் ஆகலாம். அதற்குள் சில லாகர்கள் பதிவைத் தொடங்கிவிடும். மேலே சொன்ன ஜோடியில் முகடுகள் +38, −2 என்று கிடக்கும். பார்ப்பவர் −2-ஐ வேறு ஏதோ அலை என்று நினைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தேடுவார்.

ஒரு பக்கம் முகடு இருக்கும் இடத்தில் மறுபக்கம் பள்ளம் இருக்கிறது

இரண்டு கோளாறுகள் இங்கே குழம்பும். இரண்டும் வேறு வேறு.

சென்சாரின் கம்பி மாறி, மேல் கீழாகப் பதிந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே தலைகீழாகும். பக்கங்களுக்கு இடையேயான ஒற்றுமை கெடாது. தொலைதூரப் பெரிய நிலநடுக்கம் ஒன்றை எடுத்து 20 முதல் 50 வினாடிக்குள் வடிகட்டி எல்லா நிலையங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் தலைகீழ் நிலையம் உடனே தெரியும். நூறு கிலோமீட்டருக்குள் அடங்கும் வலையில் அந்த அலைகள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே உருவில்தான் இருக்கும்.

வீச்சு உறை சரியான இடத்தில் இருந்து, ஒரு பக்கம் முகடும் மறுபக்கம் அதே இடத்தில் பள்ளமும் வந்தால், ஒரு நிலையத்தை இடப்பெயர்ச்சியாகவும் இன்னொன்றைத் திசைவேகமாகவும் மாற்றியிருக்கிறீர்கள். சாக் (SAC) மென்பொருளின் துருவ-சுழிக் கோப்பு, அதாவது கருவியின் எதிர்வினையைச் சொல்லும் கோப்பு, இடப்பெயர்ச்சிக்கு எழுதப்படுவது, அதில் ஒரு சுழி கூடுதலாக இருக்கும். ஸ்டேஷன்எக்ஸ்எம்எல் என்ற நிலைய விவரக் கோப்பு வழியாக, ஆப்ஸ்பை என்ற பைத்தான் நூலகத்தில் நீக்கும்போது அலகைச் சொல்லாமல் விட்டால் திசைவேகம் வரும். இரண்டு பேர் ஆளுக்குப் பாதி நிலையங்களைச் செய்யும் குழுக்களில் இது தவறாமல் நடக்கும். 90 பாகைக் கட்ட மாற்றம், அதாவது அலைநேரத்தில் கால் பங்கு: 8 வினாடி அலையில் 2 வினாடி. வைட்னிங் செய்துவிட்டால் நிறமாலைச் சரிவு மறைந்துவிடுவதால் வீச்சைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குழுத் திசைவேகம் (அலைத்தொகுதியின் வேகம்) சரியாகவே வரும், கட்டத் திசைவேகம் (தனி முகட்டின் வேகம்) மட்டும் கெடும். மருந்து ஒன்றுதான்: எல்லா நிலையத்தையும் ஒரே நிரலால், ஒரே அலகுக்கு, மறுபடி முதலிலிருந்து.

ஒரு பக்கம் மட்டும் அலை இருக்கிறது

இது பெரும்பாலும் கோளாறே இல்லை. கடல் எந்தப் பக்கம் கத்துகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து அலை வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அரபிக்கடல் பொங்கும். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் கரை, கோவையிலிருந்து 120 கிலோமீட்டர் அளவில்தான். கிழக்கு–மேற்கு ஜோடிகளில் மேற்கிலிருந்து கிழக்கே போகும் பக்கம் பலமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் புயல் சின்னம் உருவானால் எதிர்ப்பக்கம் எழும். உங்கள் நிரலில் நேர்ப்பக்கம் எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்துக்கு என்பதை ஒரு தெரிந்த நிலநடுக்கத்தை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். மென்பொருளுக்கு மென்பொருள் குறி மாறும்.

கோளாறாக மாறுவது வடக்கு–தெற்கு ஜோடிகளில். இரைச்சல் ஒரே திசையிலிருந்து வந்தால் அலை ஜோடிக் கோட்டோடு கோணத்தில் கடக்கும். நேரம் கோணத்தின் கொசைனால் குறையும். 60 பாகைக் கோணத்தில் 20 வினாடிக்குப் பதில் 10 வினாடியில் முகடு வரும். அதைப் பிடித்து வேகம் கணக்கிட்டால் வினாடிக்கு 6 கிலோமீட்டர் என்று வரும். இந்த வட்டாரத்து நைஸ், சார்னோக்கைட் பாறை எவ்வளவு கெட்டியானாலும் மேற்பரப்பு அலைக்கு அந்த வேகம் கிடையாது. எல்லா ஜோடிகளின் வேகத்தையும் திசைக்கோணத்துக்கு எதிராக வரையுங்கள். வடக்கு–தெற்கு ஜோடிகள் மட்டும் வேகமாகத் தெரிந்தால் நிலத்தடியில் திசைப்பண்பு கண்டுபிடித்துவிட்டோம் என்று குதிக்காமல், பருவம் இரண்டையும் உள்ளடக்கிய ஓராண்டு அடுக்கல் எடுத்துவிட்டுப் பேசுங்கள்.

இரு பக்கத்தையும் மடித்துச் சராசரி எடுப்பது, இரண்டிலும் முகடு ஒரே நேரத்தில் இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் பலமான பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

பூஜ்ஜியத் தாமதத்தில் முள்ளாக ஒரு முகடு

ஜோடிகளைத் தூர வரிசையில் அடுக்கி வரையுங்கள். முள் எல்லாத் தூரத்திலும் பூஜ்ஜியத்திலேயே குத்தி நின்றால் அது பூமிக்குள் ஓடி வந்த அலை அல்ல. லாகர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஏதோ செய்கின்றன. மின்கலம் மிச்சப்படுத்த மணிக்கு ஒருமுறை ஜிபிஎஸ்ஸை எழுப்பும் லாகர் அந்தக் கணத்தில் ஒரு துடிப்பைச் சென்சார் தடத்தில் விடும். மூலப் பதிவை மணிவாரியாக வெட்டி, அறுபது நிமிடங்களின் வீச்சுக்கும் சராசரி போட்டால் 0-ஆம் நிமிடத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தச் சில வினாடிகளைச் சுழியாக்கி, ஓரங்களைச் சரிவாக்கினால் முள் போய்விடும். அளவுத்திருத்தத் துடிப்பு தானாக ஓடும்படி விட்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

முள் சில நாட்களில் மட்டும் வந்தால் தொலைதூர நிலநடுக்கங்களின் உடல் அலைகளைச் சந்தேகியுங்கள். அவை கீழிருந்து ஏறக்குறைய செங்குத்தாக வருவதால் எல்லா நிலையத்தையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தொடும்.

மணி அடித்தது போல நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறது

குறுக்குத் தொடர்பு எந்தத் தாமதத்திலும் அடங்காமல், ஒரே அலைநேரத்தில் ஆடிக்கொண்டிருந்தால் ஏதோ ஒரு சுழலும் இயந்திரம் இரண்டு நிலையத்துக்கும் கேட்கிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் என்றால் காற்றாலையை முதலில் நினையுங்கள். வைகாசியில் கணவாய்க் காற்று தொடங்கிப் புரட்டாசிவரை ஓயாது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், நிலையப் பெட்டியின் மூடி எம்மாத்திரம். காற்றாலை இரைச்சலும் மூடி படபடக்கும் இரைச்சலும் ஒரே மாதங்களில் வருவதால் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். மூடி, மரம், கம்பம் இவற்றின் இரைச்சல் நிறமாலையில் அகலமாகப் பரவும். காற்றாலையின் இரைச்சல் கூரான கோடுகளாக வரும்.

கோட்டின் இடத்தைக் கணக்கிடலாம். நிமிடத்துக்கு 18 சுற்று, மூன்று இறகு: 18 × 3 ÷ 60 = 0.9 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகள் 1.8, 2.7 என்று தொடரும். சிறிய பழைய காற்றாலைகள் வேகமாகச் சுற்றுவதால் அவற்றின் கோடு இன்னும் மேலே வரும். இறகுக்கோடு காற்றுக்கு ஏற்ப மெல்ல அலைந்தால் வேகம் மாறும் வகை. ஒரே இடத்தில் ஆணி அடித்தது போல நின்றால் நிலைவேக வகை. கோபுரத்தின் இயல்பு அதிர்வு தனி. பெரிய காற்றாலைகளில் 0.3 ஹெர்ட்ஸை ஒட்டி வரும், சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் காற்றடித்தால் ஆடும். இதுதான் ஆபத்தானது, நுண்ணதிர்வுப் பட்டையின் மேல் ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

இங்கே பலர் ஒன்-பிட்டை நம்பிக் கெடுகிறார்கள். ஒரு கோடு மற்ற எல்லாவற்றையும்விட உரக்க இருந்தால், ஒன்-பிட் அந்தக் கோட்டின் பூஜ்ஜியக் கடப்புகளை மட்டுமே வைத்துக்கொள்ளும். சைன் அலை சதுர அலையாகி 3, 5, 7 மடங்குகளில் புதுக் கோடுகளும் முளைக்கும். வடிகட்டுவதையும் கோட்டை அகற்றுவதையும் முடித்துவிட்டுத்தான் ஒன்-பிட்டுக்குப் போக வேண்டும்.

வைட்னிங்கின் மென்மையாக்கும் அகலமும் இங்கே முக்கியம். கோடு 0.01 ஹெர்ட்ஸ் அகலம், நீங்கள் 0.1 ஹெர்ட்ஸ் அகலச் சராசரியால் வகுத்தால் கோடு ஏறக்குறைய அப்படியே தப்பிவிடும். 3600 வினாடிச் சாளரத்தில் ஒரு நிறமாலைப் புள்ளி 0.00028 ஹெர்ட்ஸ், ஆகவே 36 புள்ளிகள்தான் 0.01 ஹெர்ட்ஸ். சராசரி அகலத்தை அந்த அளவுக்குக் குறைத்தால் கோடு அண்டைப் புள்ளிகளின் உயரத்துக்கு இறங்கும். அப்போதும் ஆட்டம் மிஞ்சினால் அந்த 36 புள்ளிகளையே வெட்டி எறியுங்கள், ஓரங்களைச் சரிவாக்க மறக்காதீர்கள். செங்குத்தாக வெட்டினால் வெட்டே புது ஆட்டத்தை உண்டாக்கும்.

மாதங்களைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் தை, மாசிப் பதிவுகளைத் தனியாக அடுக்கிப் பாருங்கள். ஆட்டம் அதில் இல்லையென்றால் வழக்கு முடிந்தது.

தினமும் காலை ஐந்தரை மணியை ஒட்டி வீச்சு குறைகிறது

பொது நேரத்தின் நாள் மாறும் இடம் நமக்கு 5:30. நாள் கோப்பின் ஓரங்களில் 5 சதவீதம் சரிவு கொடுத்திருப்பீர்கள். 86,400 வினாடியில் 5 சதவீதம் 4,320 வினாடி: ஒவ்வொரு ஓரத்திலும் 72 நிமிடம் போகிறது. சதவீதத்தில் சொல்லாமல் 100 வினாடி என்று நீளத்தில் சொல்லுங்கள், அல்லது அண்டை நாட்களை இணைத்த பிறகு வெட்டுங்கள்.

ஒரு நிலையத்தின் திறன் நிறமாலை மட்டும் சரியாக 6 டெசிபெல் தூக்கலாக இருக்கிறது

6 டெசிபெல் என்றால் இரண்டு மடங்கு. வேறுபாட்டு வெளியீடுள்ள சென்சாரின் உணர்திறனை 2 × 750 என்று தாளில் போட்டிருப்பார்கள். நீங்கள் மீட்டர்/வினாடிக்கு 1500 வோல்ட் என்று எழுதாமல் 750 என்று எழுதியிருக்கிறீர்கள். 20 டெசிபெல் என்றால் பத்து மடங்கு, முன்பெருக்கியின் ஆதாயம். 24 பிட், முகடு முதல் பள்ளம்வரை 40 வோல்ட் என்றால் வோல்ட்டுக்கு 4,19,430 எண்ணிக்கை. லாகர் தாளோடு இதை ஒப்பிடுங்கள். குறுக்குத் தொடர்பு நேரத்தை இந்தப் பிழை பாதிக்காது. ஆனால் பீட்டர்சன் 1993-இல் கொடுத்த தாழ், உயர் இரைச்சல் எல்லைகளோடு ஒப்பிட்டு நிலையத்தின் தரம் சொல்பவர்கள் ஏமாறுவார்கள்.

கிடை–செங்குத்து விகிதத்தில் 2.5 ஹெர்ட்ஸில் அழகான முகடு. மண்ணின் அதிர்வா, தறியா?

நகமுரா 1989-இல் பரப்பிய முறை இது. ஒரு சென்சார், அரைமணி நேரம், கிடை அதிர்வுக்கும் செங்குத்து அதிர்வுக்கும் விகிதம். முகடு நிற்கும் அதிர்வெண், மண்ணடுக்கின் குறுக்கலை வேகத்தை அதன் தடிமனின் நான்கு மடங்கால் வகுத்தது. 1900 பிப்ரவரி 8-இல் கோவையை உலுக்கிய, அளவு 6-ஐ ஒட்டிய நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் மண்ணின் எதிர்வினையைத் தெரிந்துகொள்வது வெறும் ஆர்வம் அல்ல.

ஆனால் சோமனூர், பல்லடம், குமாரபாளையம் பக்கம் சாதா விசைத்தறி நிமிடத்துக்கு 120 முதல் 160 ஊடை வரை அடிக்கும். 150 என்றால் 2.5 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு அடிக்கும் தறிச் சட்டம் தரையை உதைக்கிறது. நாற்பது தறி ஒரே கொட்டகையில் ஓடினால் 2.5, 5, 7.5, 10 என்று சீப்புப் பல் போலக் கோடுகள். நான்கு துருவ மோட்டாரின் 1440 சுற்று 24 ஹெர்ட்ஸில் தனியாக நிற்கும்.

பிரித்தறிய, மூன்று கூறுகளின் நிறமாலையைத் தனித்தனியே வரையுங்கள். தறி என்றால் செங்குத்திலும் கிடையிலும் அதே இடத்தில் கூரான கோடு இருக்கும். மண் என்றால் கிடையில் மேடும் செங்குத்தில் மெல்லிய பள்ளமும் அகலமாக இருக்கும். பிறகு நிறமாலையை வழவழப்பாக்கும் கொன்னோ–ஒமாச்சி மென்மையாக்கத்தின் அளவை 40-லிருந்து 100-க்கு ஏற்றி, அதாவது மென்மையைக் குறைத்து, மறுபடி பாருங்கள். கோடு இன்னும் கூராகி உயர்ந்தால் இயந்திரம். அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று பார்க்கும் சீரற்ற சிதைவு முறையில் தணிப்பு மிகக் குறைவாக வந்தாலும் இயந்திரத்தின் பக்கமே சாயும்.

இவற்றையெல்லாம்விட உறுதியான சாட்சி மின்வாரியம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளின் அறிவிப்பை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு, அன்று நிறுத்தத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்துப் பதியுங்கள். தறி நின்ற கணத்தில் முகடு மறைந்தால் முடிந்தது பேச்சு. பொங்கல், தீபாவளி விடுமுறையும் உதவும். தோட்டத்தில் சென்சார் வைத்தால் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். “மோட்டாரு எந்நேரமுங்ணா ஓடும்?” என்ற ஒரு கேள்வி அரைநாள் கணினி வேலையை மிச்சப்படுத்தும்.

முகடு மண்ணுடையதுதான் என்று தோன்றினால், தடிமனைச் சரிபார்க்க இந்தச் சீமையில் துளையிடத் தேவையில்லை. பக்கத்துத் திறந்தவெளிக் கிணற்றை எட்டிப் பாருங்கள். மேல்மண், சுக்கான்கல், சிதைந்த பாறை, அதன் கீழே கடப்பாரைக்கு இடம் கொடுக்காத பாறை என்று அடுக்கு அடுக்காகத் தெரியும். கெட்டிப்பாறை 8 மீட்டரில் தொடங்கி, மேலே உள்ளதன் வேகம் வினாடிக்கு 240 மீட்டர் என்றால் முகடு 7.5 ஹெர்ட்ஸில் வர வேண்டும். அதே வேகத்துக்கு 2.5 ஹெர்ட்ஸ் முகடு 24 மீட்டர் மண்ணைக் கேட்கும். கிணறு அப்படிச் சொல்லவில்லையென்றால் மறுபடி தறியைத் தேடுங்கள். பாறை வெளியே தெரியும் இடத்தில் வளைவு தட்டையாக 1-ஐ ஒட்டி ஓடுவதுதான் சரி. முகடு வந்தே தீர வேண்டும் என்பதில்லை.

2004-இல் வந்த செசமி (இந்த விகித முறைக்கான ஐரோப்பிய ஆய்வுத் திட்டம்) வழிகாட்டுதலின் மூன்று நிபந்தனைகளை இதற்குப் பிறகு போடுங்கள்: முகட்டு அதிர்வெண் சாளர நீளத்தின் தலைகீழைப் போலப் பத்து மடங்கைத் தாண்ட வேண்டும்; சாளரங்கள் எல்லாம் சேர்த்து 200 சுற்றுகளுக்கு மேல் இருக்க வேண்டும்; முகட்டை ஒட்டிய சிதறல், 0.5 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட முகடுகளுக்கு, 2-க்குக் கீழே இருக்க வேண்டும். ரயிலையும் லாரியையும் விலக்க, 1 வினாடிக் குறுஞ்சராசரிக்கும் 30 வினாடி நெடுஞ்சராசரிக்கும் உள்ள விகிதம் 0.2-க்கும் 2.5-க்கும் இடையே இருக்கும் சாளரங்களை மட்டும் எடுத்தால் போதும். சென்சாரைத் தென்னைக்கு அருகே வைக்காதீர்கள். மரம் ஆடும்போது வேர் மண்ணைப் புரட்டும், விகிதத்தின் தாழ் அதிர்வெண் பக்கம் காற்றடிக்கும்போதெல்லாம் தூக்கிக்கொள்ளும். கரிசலில் வெடிப்பு விட்ட இடமும் வேண்டாம்.

எத்தனை நாள் அடுக்கினாலும் தெளிவு கூடவில்லை

முகட்டை, அதற்குப் பின்னால் வரும் இரைச்சலின் சராசரி இருமடி மூலத்தால் வகுத்தால் தெளிவு விகிதம். அது நாட்களின் வர்க்கமூலத்தோடு உயர வேண்டும்: 30 நாளில் 8 என்றால் 120 நாளில் 16. உயராமல் தேங்கினால், பின்னால் தெரியும் இரைச்சல் தற்செயலானது அல்ல. தினமும் அதே உருவில் திரும்பி வருகிறது. மேலே சொன்ன ஆட்டமோ, மணித்துடிப்போ, பதிவு இடைவெளியின் ஓரமோ. இடைவெளியைக் கோடு இழுத்து நிரப்பாமல், சராசரியை நீக்கி ஓரத்தைச் சரித்துச் சுழியால் நிரப்புங்கள். மாறாக, ஒரு அளவுக்கு உயர்ந்து பிறகு இறங்கினால் கடிகாரம் நகர்ந்துகொண்டிருக்கிறது, அலைகள் தமக்குள் அடித்துக்கொள்கின்றன.

வினாடிக்கு 100-லிருந்து 5 மாதிரிக்கு ஒரே மூச்சில் குறைத்திருந்தால் அதையும் பாருங்கள். ஆப்ஸ்பை 16 மடங்குக்கு மேல் தானாக வடிகட்டி வடிவமைக்காது. வடிகட்டியை அணைத்துவிட்டு அந்தத் தடையைத் தாண்டியவர்கள் தறி இரைச்சலை மடித்துக் கடல் பட்டைக்குள் கொண்டுவந்திருப்பார்கள். 5, பிறகு 4 என்று இரண்டு தடவையாகக் குறையுங்கள்.

சிதறல் வளைவு தாவுகிறது, அல்லது நெடு அலைநேரத்தில் அலைபாய்கிறது

சிதறல் வளைவு என்பது அலைநேரத்துக்கு ஏற்ப வேகம் மாறுவதைக் காட்டும் கோடு. நிலைய இடைவெளி குறைந்தது மூன்று அலைநீளம் வேண்டும் என்பது பழக்கமான விதி. வேகத்தை வினாடிக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்து எளிதாகச் சொன்னால், கிலோமீட்டரைப் பன்னிரண்டால் வகுத்தால் நம்பத்தக்க அதிகபட்ச அலைநேரம். கோவை–திருப்பூர் நேர்க்கோட்டில் சுமார் 43 கிலோமீட்டர், ஆகவே மூன்றரை வினாடி. கோவை–ஈரோடு சுமார் 90, ஏழரை வினாடி. கோவை–கரூர் சுமார் 122, பத்து. கோவை–சேலம் சுமார் 148, பன்னிரண்டு. இதற்கு அப்பால் வளைவு அலைபாய்ந்தால் அளவுருவை மாற்றி அடக்கப் பார்க்க வேண்டாம், வெட்டிவிடுங்கள். இன்னும் நெடியது வேண்டுமென்றால் 1957-இல் அகி தொடங்கிய வழியில், நிறமாலையின் பூஜ்ஜியக் கடப்புகளைப் பெஸல் சார்போடு பொருத்தும் முறைக்குப் போகலாம்.

தாவல் முழுச் சுற்றுக் குழப்பம். 60 கிலோமீட்டர், 5 வினாடி அலை, உண்மை வேகம் 3.0 என்றால் ஒரு சுற்று பிசகினால் 2.4 அல்லது 4.0 வரும். இந்த வட்டாரத்து மேலோட்டில் இரண்டுமே ஒட்டாது, எனவே கண்டுபிடிப்பது எளிது. சங்கடம் கொடுப்பது சின்னப் பிசகுகள். கட்டக் கணக்கில் கால் பை விட்டுப்போனால் அலைநேரத்தில் எட்டில் ஒரு பங்கு, இங்கே 3 சதவீதம். குறுக்குத் தொடர்பின் நேர வகைக்கெழுவுக்கு எதிர்க்குறி போட்டால்தான் கிரீன் சார்பு (ஒரு நிலையத்தில் தட்டினால் மற்றதில் வரும் அலை) என்பதை மறந்தால் கால் பங்கு, 6 சதவீதம். வளைவு வழவழப்பாகவே இருக்கும், பார்வைக்கு நம்பும்படியும் இருக்கும். அடையாளம் ஒன்று உண்டு: பிழை தூரத்தோடு குறையும். அருகிலுள்ள ஜோடிகள் எல்லாம் வேகமாகவும் தூர ஜோடிகள் எல்லாம் மெதுவாகவும், அல்லது நேர் எதிராகவும், வரிசையாக நின்றால் கட்டத்தில்தான் பிழை.

குறுக்குக் கூறிலும் ஆரக் கூறிலும் ஒரே அலை தெரிகிறது

வடக்கையும் கிழக்கையும் தனித்தனியே சமன் செய்து, பிறகு ஜோடிக் கோட்டின் திசைக்கும் (ஆரம்) அதற்குக் குறுக்கான திசைக்கும் சுழற்றியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் ஒரே வகுஎண் வேண்டும். இரண்டின் பெரியதையோ சராசரியையோ எடுத்து இரண்டையும் அதாலேயே வகுத்துவிட்டுச் சுழற்றுங்கள். அப்போதும் லவ் அலை (பக்கவாட்டில் ஆடும் மேற்பரப்பு அலை) பிரியவில்லை என்றால் சென்சாரின் வடக்கு உண்மையான வடக்கா என்று பாருங்கள். மோட்டார் ரூம் இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் காம்பஸ் வைத்து எடுத்த வடக்கை நம்ப முடியாது.

வேக மாற்றம் மழையோடு பொருந்தவில்லை

பின்தொடர் அலையை (முகட்டுக்குப் பின்னால் வரும் சிதறிய வால்) நீட்டிச் சுருக்கி வேக மாற்றம் பார்ப்பவர்கள் தேடுவது பத்தில் ஒரு சதவீத அளவு. 50 வினாடித் தாமதத்தில் 0.05 சதவீதம் என்பது 0.025 வினாடி, மேலே சொன்ன சுமாரான படிகம் ஒரே நாளில் அதைப்போல மூன்று மடங்கு நகரும். எனவே கடிகாரத்தை இரு பக்க முறையில் திருத்தாமல் தொடங்கக் கூடாது. திருத்திய பிறகு இரு பக்கத்துக்கும் தனித்தனியே மாற்றத்தைக் கணக்கிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாறினால் இரைச்சல் மூலம் மாறியிருக்கிறது, நிலம் மாறவில்லை. நிறமாலையின் எடை பருவத்தோடு மாறினாலும் நீட்டல் முறை பொய் மாற்றம் காட்டும். பட்டையை இரண்டு மூன்று குறும்பட்டைகளாகப் பிரித்து, எல்லாம் ஒரே போக்கில் போகின்றனவா என்று பாருங்கள். ஒப்புமைக் கெழு 0.7-க்குக் கீழே போகும் நாட்களை விட்டுவிடலாம்.

இத்தனைக்குப் பிறகும் மாற்றம் நிற்கிறது, மழை அளவோடு மட்டும் ஒட்டவில்லை என்றால் மழைமானியை விட்டுவிட்டு வாய்க்காலைப் பாருங்கள். கீழ்பவானியிலோ பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) வாய்க்காலிலோ தண்ணீர் திறந்தால் பாசனப் பரப்பில் மழை இல்லாமலேயே நிலத்தடி நீர் ஏறும். துளைநீர் அழுத்தம் கூடும், வேகம் குறையும். மேட்டாங்காட்டில் அதே மாதம் போர்வெல்கள் நீரை இறக்கிக்கொண்டிருக்கும். திறப்பு, அடைப்புத் தேதிகளையும் அருகிலுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தையும் அதே வரைபடத்தில் சேர்த்து வரைந்து, வாய்க்காலுக்குக் கீழ்ப்பக்கம் விழும் ஜோடிகளையும் மேல்பக்கம் விழும் ஜோடிகளையும் தனித்தனி நிறத்தில் பிரித்துவிடுங்கள்.